இருமுனைப் புலத்தில் புரோத்தன்: கேயாஸா, கணக்குப் பிழையா?

வெள்ளவத்தை_பௌதிகம்:
கொழும்பில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்கிறேன். பூமியின் இருமுனைக் காந்தப்புலத்தில், மையத்திலிருந்து 4 பூமி ஆரைத் தூரத்தில், 10 மெகா இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள புரோத்தன் ஒன்றின் பாதையைக் கணினியில் கணிக்கிறேன். முறை, நான்காம் வரிசை ரங்கே-குட்டா (இயக்கச் சமன்பாட்டைச் சிறு நேரப் படிகளாகத் தீர்ப்பது); நேரப் படி, புரோத்தன் புலக்கோட்டைச் சுற்றும் மத்தியகோட்டுச் சுழற்சிக் காலத்தின் (0.135 செக்கன்) இருபதில் ஒன்று. மின்புலம் இல்லை. சக்தி குறைந்துகொண்டே போகிறது. ஆரம்ப இடத்தைச் சற்று மாற்றினால் பாதையும் வேறாகிறது. இது கேயாஸ்தானா (ஆரம்பத்துச் சிறு வேறுபாடு மடங்கு மடங்காகப் பெருகும் இயக்கமா)?

காவி_கணக்கு:
சக்தி குறைவது ரங்கே-குட்டாவால். காந்தவிசை வேகத்துக்குச் செங்குத்து, துணிக்கைக்குச் சக்தி கொடுக்கவோ எடுக்கவோ செய்யாது; கதி மாறவே கூடாது. சீரான புலத்திலேயே சுற்றுக்கு 20 படி வைத்தால் 1,000 சுற்றில் கால்வாசிக்குக் கிட்டச் சக்தி கரைந்துவிடும். உங்கள் நிலைமை அதைவிட மோசம்: காந்த அகலாங்கு 30 பாகையில் புலம் 3.1 மடங்கு, அங்கே சுற்றுக்கு ஆறு படிதான் மிஞ்சும்.

போரிஸ் முறைக்கு மாறுங்கள்: காந்தப்புலத்தில் வேகக் காவியின் நீளம் மாறாமல் அதைத் திருப்பும் முறை அது. முதலில் வேகத்தை அரைப் படி பின்னால் நகர்த்த வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஏற்றம் × புலம் ÷ திணிவு, அதை அரைப் படியால் பெருக்கினால் ஒரு காவி. வேகத்தை அதனால் குறுக்குப்பெருக்கி வேகத்தோடு கூட்ட, இடைவேகம் வரும். காவியின் இரு மடங்கை, 1 + அதன் வர்க்கத்தால் வகுத்து, இடைவேகத்தை அதனால் குறுக்குப்பெருக்கி, பழைய வேகத்தோடு கூட்டுங்கள். புலம் ஆகக் கூடிய இடத்தில் சுற்றுக்கு 50 படி வரட்டும். இடையில் படியை மாற்றாதீர்கள்.

கொட்டாஞ்சேனை_துணிக்கை:
ஒரு எச்சரிக்கை. மின்புலம் இல்லாத போரிஸில், படி பிழையென்றாலும் சக்தி சரியாகவே வரும். அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அச்சைச் சுற்றிய கோண உந்தத்தோடு, ஏற்றம் × (அச்சைச் சுற்றித் துணிக்கையினூடாக வரையும் வளையத்தினுள் செல்லும் காந்தப்பாயம்) ÷ 2பை என்பதைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டும்; மாறினால் படி பெரிது.

இனிக் கேயாஸ். உங்கள் சுழற்சி ஆரை ஏறத்தாழ 940 கி.மீ., மத்தியகோட்டில் புலக்கோட்டின் வளைவாரை 8,500 கி.மீ. விகிதம் 0.11. இந்த அளவில் காந்தத் திருப்பம் (புலத்துக்குக் குறுக்கான இயக்கசக்தி ÷ புலம்; வழமையில் ஏறத்தாழ மாறாதது) மத்தியகோட்டைக் கடக்கும்போதெல்லாம் துள்ளத் தொடங்கும், ஆகவே கேயாஸுக்கு இடமுண்டு. ஆனால் பாதைகள் விலகுவது மட்டும் போதாது; ஒழுங்கான இயக்கத்திலும் பெயர்ச்சிக் கதி வேறுபட்டால் நேர்கோட்டு வீதத்தில் விலகும். பத்துக் கோடியில் ஒரு பங்கு இடைவெளியில் இரண்டு புரோத்தன்களை ஓட்டி, சுற்றுக்கொரு தடவை இடைவெளியை மீட்டமைத்து, மீட்டமைக்குமுன் அது எத்தனை மடங்காகியிருந்தது என்பதன் மடக்கையைக் கூட்டிவாருங்கள். அந்த மடக்கைக் கூட்டுத்தொகை நேரத்தோடு நேர்கோடாக ஏறினால் கேயாஸ். மத்தியகோட்டை மேல்நோக்கிக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஆரைத் தூரத்தையும் ஆரைவழி வேகத்தையும் குறியுங்கள்: மெல்லிய வளையம் வந்தால் ஒழுங்கு, புள்ளிகள் பரப்பாகச் சிதறினால் கேயாஸ்.

வெள்ளவத்தை_பௌதிகம்:
நன்றி. பிறகு சீரான மின்புலம் ஒன்றைக் குறுக்காகச் சேர்த்தால்?

கொட்டாஞ்சேனை_துணிக்கை:
அச்சுச் சமச்சீர் உடையும், கோண உந்தச் சோதனை செல்லாது. இயக்கசக்தியோடு ஏற்றம் × மின்னழுத்தம் கூட்டிப் பாருங்கள். வேகம் அரைப் படி பின்னால் நிற்பதால், அடுத்தடுத்த இரண்டு வேகங்களுக்கும் இயக்கசக்தியைக் கணித்து, அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும்.