அட்டாலியில் கிடந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: என்ன ரகம், என்ன விலை போகும்?

தோட்டத்துக்காரன், கோபி:
அப்பாரு வீட்டு அட்டாலியில் சாக்கு சுற்றிய பழைய ரைஃபிள் ஒன்று கிடைத்ததுங்க. வெளியே குதிரை (சுடும்போது அடிக்கும் சுத்தியல்) எதுவும் இல்லை. விசைக்குப் பின்னால் ஒரு லிவர், அதைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டி முன்பக்கமாக இறங்கி, தோட்டா போடும் இடம் திறக்கிறது. வலப்பக்கத்தில் கிரீடம், வி.ஆர்., என்ஃபீல்டு, 1882, அப்புறம் ரோமன் மூன்று. தேக்குக் கதவு வாங்க வந்த வியாபாரி ஐம்பதாயிரம் தருகிறேன் என்கிறார், இணையத்தில் பார்த்தால் டாலரில் என்னென்னவோ விலை போட்டிருக்கிறார்கள். துரு நிறைய. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து விற்கலாமா?

காங்கேயத்தான்:
உப்புத்தாளைக் கீழே போடுங்க சாமி! அந்த முத்திரைகள்தான் அதன் மதிப்பே, தேய்த்தால் போச்சு. மெல்லிய எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் போதும்.

நீங்கள் சொல்வது மார்ட்டினி-ஹென்றி, மூன்றாம் மார்க், அதாவது மூன்றாவது திருத்த வடிவம். 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட ரகம், மூன்றாம் மார்க் வந்தது 1879-இல். வலப்பக்கம் கண்ணீர்த்துளி வடிவில் சின்ன முள் ஒன்று இருக்கும், லிவரை இழுத்தால் அது நகரும், உள்ளே சுடும் வில் இழுபட்டுத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். வி.ஆர். என்பது விக்டோரியா ராணி. ஒற்றை அம்புக்குறி இருந்தால் சர்க்கார் சொத்து, இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் சர்க்காரே வெளியே விற்றது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லையில் கைபர் கணவாய்ப் பக்கம் பட்டறைகளில் அடித்த நகல்களும் உண்டு. அவற்றில் என்ஃபீல்டு என்ற ஆங்கில எழுத்துகளில் 'என்' கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், இல்லாவிட்டால் ராணி 1901-இல் போன பிறகும் வி.ஆர். போட்டிருப்பார்கள்.

பவானிக்கரை வக்கீல்:
விலையை விடுங்க, லைசென்ஸ் இருக்கிறதா? பழசு என்றால் விலக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு தருகிறது. உங்களுடையதில் லிவர் வேலை செய்கிறதே! வியாபாரிக்கு லைசென்ஸ் இல்லாமல் கைமாற்றினால் இரண்டு பேருக்கும் வழக்கு. டாலர் விலையும் உதவாது, நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டத்தில் தடை.

காங்கேயத்தான்:
அதோடு 2003-இல் நேபாளத்தின் பழைய ஆயுதக் கிடங்கையே இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து வாங்கிப்போயின, அதில் மார்ட்டினியும், அதற்கு முந்தைய ரகமான ஸ்னைடரும் குவியல் குவியலாக இருந்தன. அங்கேயே இது அபூர்வம் இல்லைங்க. இங்கே வாங்குவதற்கு லைசென்ஸ் உள்ளவர் மட்டும்தான், அவரும் தோட்டா கிடைக்காத துப்பாக்கிக்குப் பெரிதாகத் தரமாட்டார்.

தோட்டத்துக்காரன், கோபி:
அப்பாரு பெயரில் லைசென்ஸ் புத்தகம் பீரோவில் இருக்குதுங்க, ரொம்ப வருசமாகப் புதுப்பிக்கவில்லை.

பவானிக்கரை வக்கீல்:
நல்லது. புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்க. ஸ்டேஷனுக்கு முதலில் தகவல் சொல்லிவிட்டு அங்கேயோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்க. அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் வாரிசு லைசென்ஸுக்கு மனு போடலாம். வியாபாரியிடம் கதவு விலையை மட்டும் பேசுங்க.