டிரெஸ்டனில் முதல் செமஸ்டர்: யாரும் எதையும் கேட்காத ஊர்

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே குளிர், சாப்பாடு, தனிமை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அவை அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. ஈரோட்டில் சிவில் முடித்துவிட்டு, 2024 அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு எம்.எஸ்சி. படிக்க வந்தவன் நான். வந்த புதிதில் என்னைத் திணறடித்தது வேறு: இந்த ஊரில் யாரும் நம்மை எதுவும் கேட்பதில்லை.

அதற்கு முன் பாலத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். விசா வந்து, டிக்கெட் போட்டு, பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் 11 அதிகாலை மூன்று மணி வாக்கில், டிரெஸ்டனில் எல்பே ஆற்றின் மேல் இருந்த கரோலா பாலத்தில் ஒரு பகுதி ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. ட்ராம் தண்டவாளமும் நடைபாதையும் போன பகுதி அது. கடைசி ட்ராம் கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. யாருக்கும் அடியில்லை. வீடியோ குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்ததும் சித்தப்பா போன் போட்டார். "ஏன் கண்ணு, பாலங் கட்டப் படிக்கறதுக்கு அந்த ஊருதான் கெடைச்சுதா?"

வந்து இறங்கியதும் முதலில் போய்ப் பார்த்தது அதைத்தான். தளம் மடிந்து தண்ணீருக்குள் கிடந்தது. தண்டவாளமும் அதோடு சேர்ந்து வளைந்து இறங்கியிருந்தது. மேலே வேலி, கரையில் புல்வெளி, புல்வெளியில் நாயோடு நடக்கிறவர்கள். 1967-இல் தொடங்கி 1971-இல் முடித்த பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் (உள்ளே இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி வலுவேற்றியது) பாலம் அது. டிசம்பரில் எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ் ஆய்வு முடிவை வெளியிட்டார். கட்டும்போதே ஈரம் பட்டு, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிகளில் ஹைட்ரஜனால் அரிப்பு தொடங்கியிருக்கிறது. அதன்மேல் பல வருடப் போக்குவரத்தின் களைப்பும் சேர்ந்து, கம்பிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்திருக்கின்றன. ஊரில் இந்த 'ஸ்ட்ரெஸ் கரோஷன்' எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. தேர்வுக்கு முந்தைய நாள் இரவு மனப்பாடம் செய்து, மறுநாள் மதியத்துக்குள் மறந்துபோகிற வகை. இங்கே அது பத்து நிமிட நடையில் ஆற்றுக்குள் கிடந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க மென்சாவில் (பல்கலைக்கழக கேன்டீன்) சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் இந்தப் பேச்சுதான். படிக்க வந்த இடம் சரிதான் என்று எனக்குத் தோன்றியதே அந்த மேஜைகளில்தான்.

சரி, கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ஒரு நாள் போகாவிட்டால் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போகும். இங்கே முதல் வகுப்பு காலை 7.30-க்கு. டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் சூரியனே வருகிறது, நாலு மணிக்குப் போய்விடுகிறது. இருட்டில் போய் உட்கார்ந்தால் பாதி அரங்கு காலி. பேர் கூப்பிடுவது கிடையாது. தொண்ணூறு நிமிடம் பாடம், முடிந்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டுகிறார்கள் (கைதட்டலுக்குப் பதில் அதுதான்), பேராசிரியர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ட்ராமில் ஏறினால் கண்டக்டரும் இல்லை, டிக்கெட் பார்க்கும் தடுப்புக் கதவும் இல்லை. எப்போதாவது சாதாரண உடையில் ஒருவர் எழுந்து அட்டையைக் காட்டுவார். உங்களிடம் டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ.

சுதந்திரம் என்று முதலில் குஷியாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வு எழுத வேண்டுமானால் நாமேதான் குறித்த தேதிக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். வகுப்புக்கு வந்தாயா என்று கேட்காதவர்கள் பதிவு செய்தாயா என்றும் கேட்க மாட்டார்கள். வேறு ஊரில் படிக்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன், எல்லா வகுப்புக்கும் ஒழுங்காகப் போனவன், அந்தத் தேதியை விட்டுவிட்டான். அலுவலகத்தில் போய்க் கெஞ்சிப் பார்த்திருக்கிறான். அங்கிருந்த அம்மா ரொம்ப மரியாதையாக, அடுத்த செமஸ்டர் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நம் ஊர் ஆபீஸ் திட்டே தேவலை என்றான். திட்டுகிறவரிடம் இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாமே!

கேட்காமலேயே தேடி வந்தது ஒன்று உண்டு: ஒளிபரப்புக் கட்டணக் கடிதம். வீட்டில் டிவி, ரேடியோ இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்கிறோம் அல்லவா, அந்த அன்மெல்டுங் முடிந்ததுமே இது கிளம்பிவிடும். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) கட்டிய 11,904 யூரோ, மாதம் 992 என்றுதான் கைக்கு வரும். அதில்தான் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம். ஆகவே ஒரே வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் இன்னொரு கூத்து. உடைந்த பாலத்தை அகற்றும் வேலையில் இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் குண்டு கிடைத்தது, 250 கிலோ. மறுநாள் அந்தப் பகுதியில் இருந்த சுமார் பத்தாயிரம் பேரை வெளியேறச் சொன்னார்கள். நான் இருந்த இடமும் அந்த வட்டத்துக்குள் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாடிப்படியில் எதிர்வீட்டுப் பாட்டி பிளாஸ்கும் குறுக்கெழுத்துப் புத்தகமுமாக, ஏதோ பல் டாக்டரைப் பார்க்கப் போகிற தினுசில் இறங்கிக்கொண்டிருந்தார். அதுவரை 'காலை வணக்கம்' தவிர எங்களுக்குள் பேச்சே கிடையாது. பயமாக இல்லையா என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். "இதுவா? 1945-இல் விழுந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். இப்போது எடுக்கத்தானே போகிறார்கள்" என்றார். 1945 குண்டுவீச்சின் நினைவுநாளான பிப்ரவரி 13 இரவு ஊரின் தேவாலய மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தபோது, அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அப்போதும் நான் போய்க் கேட்கவில்லை. அதற்குள் எனக்கும் இந்த ஊர்ப் பழக்கம் வந்துவிட்டது போல.

நிறவெறி எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் 2024 செப்டம்பர் தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 30 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எனக்கு நேர்ந்தது ஒரு முறை. இரவு ட்ராமில் குடித்திருந்த ஒரு ஆள் என்னைப் பார்த்து ஊருக்குத் திரும்பிப் போ என்கிற ரீதியில் கத்தினான். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலையும் செல்போனையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தியதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது. யாரும் கேட்காத ஊரின் இன்னொரு முகம் அது.

கேட்கிற ஆளும் ஒருவர் கிடைத்தார், வியட்நாம் மளிகைக் கடையில். கிழக்கு ஜெர்மனி ஊர்களில் இந்தக் கடைகள் நிறைய. பச்சை மிளகாய், கொத்தமல்லி, புளி, தேங்காய்ப்பால் எல்லாம் அங்கேதான். ஒரு நாள் பழக்கதோஷத்தில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டேன். கடைக்கார அக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். திட்டு விழப்போகிறது என்று நின்றேன். அவர் தானும் ஒன்றை எடுத்து ஒடித்தார், முகத்தைச் சுளித்தார், உள்ளே போய்ப் புதுப் பெட்டியைத் தூக்கி வந்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள்: எந்த நாடு, என்ன படிப்பு, அம்மா அப்பா இருக்கிறார்களா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணம் ஆயிற்றா, வாடகை எவ்வளவு, அறை எவ்வளவு பெரியது. பன்னிரண்டு சதுர மீட்டர் என்றேன். "பன்னிரண்டா! எங்களுக்கு ஆளுக்கு ஐந்துதான் கொடுத்தார்கள்" என்று சிரித்தார். 1987-இல் ஒப்பந்தத் தொழிலாளியாகத் துணி ஆலைக்கு வந்தவராம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். திரும்பிப் போகாமல் கடை போட்டிருக்கிறார். என் தேர்வு மதிப்பெண்களை அப்பாவுக்கு அடுத்து அவரிடம்தான் சொன்னேன். 1.0 தான் உச்சம், 5.0 என்றால் ஃபெயில் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு அதை விளக்கவே ஒரு போன்கால் ஆகிவிட்டது.

இந்த வருடம் வருகிறவர்களுக்கு: குளிர் ஜாக்கெட்டை ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, அரிசி தீர்ந்துவிட்டதா என்று சனிக்கிழமையே பாருங்கள். குக்கருக்கு உபரி கேஸ்கெட் இரண்டு எடுத்து வாருங்கள். ஒன்று எனக்கு.