டி டிரைவில் எழுத முடியவில்லை, தமிழ்ப் பெயர் ஃபைல்கள் காப்பி ஆகவில்லை (விண்டோஸ் 11 + உபுண்டு 22.04)

கரிசல்:
வணக்கம். ஒரே லேப்டாப்பில் டூயல் பூட் (விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் இரண்டும்). பாடக்குறிப்பு, பிடிஎஃப் எல்லாம் டி டிரைவில், அதன் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்கில் வைக்கும் முறை) விண்டோஸின் என்டிஎஃப்எஸ். உபுண்டுவில் டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையாவது சேமிக்கப் போனால் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்கிறது. சரி, ஹோம் ஃபோல்டருக்கே காப்பி செய்துகொள்ளலாம் என்றால், சில பிடிஎஃப்கள் மட்டும் 'ஃபைல் நேம் டூ லாங்' என்று நின்றுவிடுகின்றன. எல்லாம் நீளமான தமிழ்த் தலைப்புள்ளவை. விண்டோஸில் அதே ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. டிஸ்க் போகப் போகிறதா?

திருகாணி:
நீங்கள் சொன்னதில் டிஸ்க் போகும் அறிகுறி எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு சிக்கல், முதலாவதைப் பார்ப்போம்.

விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதியை) முழுதாக மூடாமல், ஹைபர்னேட் செய்து, அதாவது இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கும். டி டிரைவ் பற்றிய தகவலில் ஒரு பகுதி அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் உள்ளே எழுதினால், அடுத்து விண்டோஸ் தன் பழைய கணக்கை வைத்து மேலே எழுதும், ஃபைல்கள் நாசமாகும். அதனால்தான் லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைக் கையாளும் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் படிக்க மட்டும் விடுகிறது. லினக்ஸ் கர்னல் 5.15-இல் (2021) சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இன்னும் கறார்: 'டர்ட்டி' குறி (ஒழுங்காக மூடப்படவில்லை என்ற அடையாளம்) இருந்தால் மவுன்ட்டே செய்யாது, அதாவது டிரைவை இணைக்கவே இணைக்காது.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனல் → பவர் ஆப்ஷன்ஸ் → 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' போங்கள். மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பைத் தட்டினால்தான் கீழே உள்ள டிக் மாற்ற வரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துச் சேமியுங்கள். பிறகு டி டிரைவில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ் → டூல்ஸ் → செக். அது முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட் எப்போதுமே கர்னலை முழுதாக மூடும்.

வெண்பலகை:
எதற்கு இத்தனை சுற்று? டி டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு ஃபார்மேட் செய்துவிட்டால் இரண்டு ஓஎஸ்ஸும் எழுதும்.

திருகாணி:
வேண்டாம் நண்பரே. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, எழுதும்போது கரண்ட் போனால் மீள்வது கஷ்டம். பென்டிரைவுக்குச் சரி, உள் டிஸ்க்குக்கு நான் சொல்லமாட்டேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் அதே ஆபத்து அங்கேயும் உண்டு. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். பெயர் நீளச் சிக்கல் அப்படியே இருக்கும்.

நூலேணி:
அந்தப் பெயர் விஷயம் நான் சொல்கிறேன், தமிழில் பெயர் வைக்கிற எல்லோருக்கும் வரும்.

யூடிஎஃப்-16, யூடிஎஃப்-8 இரண்டும் யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறைகள். என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 யூடிஎஃப்-16 அலகு தருகிறது. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் அதில் ஓர் அலகு. ஆனால் உபுண்டுவின் ஹோம் இருக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் தருவது 255 பைட். யூடிஎஃப்-8-இல் அதே குறிக்கு 3 பைட். 'தமிழ்நாடு' என்பதைப் பாருங்கள்: நம் கண்ணுக்கு 5 எழுத்து, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ந, கால், ட, உகரக் குறி என்று உள்ளே 9. என்டிஎஃப்எஸ்ஸில் 9 அலகு, எக்ஸ்ட்4-இல் 27 பைட். ஆக எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு மொத்தம் 85 குறிதான் கொள்ளும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களுக்குப் போனாலும் அதே 255 பைட்தான்.

40 எழுத்துக்குள் வைத்தால் பயமில்லை. எல்லாமே இரு குறி எழுத்தாக இருந்தாலும் 240 பைட், பிடிஎஃப் பின்னொட்டுக்கு 4, மொத்தம் 244. விண்டோஸில் வைத்தே பெயரைச் சுருக்கிவிட்டுக் காப்பி செய்யுங்கள். ஜிப் ஆக்கிக் கொண்டுவந்தாலும் பிரிக்கும்போது அதே பிழைதான் வரும்.

கரிசல்:
ரொம்ப நன்றி. டிக் எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் எழுத வந்துவிட்டது. பெயர்களைச் சுருக்கியதும் காப்பியும் ஆனது. ஒன்று மட்டும்: உபுண்டுவில் 'கூட்டம் 10:30' என்று டி டிரைவில் சேமித்ததை விண்டோஸ் திறக்க மறுக்கிறது.

திருகாணி:
முக்காற்புள்ளிதான் காரணம். என்டிஎஃப்எஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. உபுண்டுவிலேயே 10.30 என்று மாற்றிவிடுங்கள். மறுபடி வராமலிருக்க, டிஸ்க்ஸ் செயலியில் அந்தப் பார்ட்டிஷனின் 'எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்' போய், 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' அணைத்து, ஆப்ஷன் வரிசையின் கடைசியில் கமா போட்டு 'விண்டோஸ்_நேம்ஸ்' சேருங்கள் (ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் அண்டர்ஸ்கோர்). வரிசையில் 'நோஃபெயில்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் டி டிரைவ் ஒருநாள் மவுன்ட் ஆகாவிட்டால் உபுண்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

விண்டோஸில் பெரிய அப்டேட் வந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் திரும்ப வந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.