தாவர விஞ்ஞானம் படித்தால் வேலை கிடைக்குமா? (கொழும்பு கம்பஸ்)

வெள்ளவத்தைப்பெண்:
உயர்தரம் உயிரியல் பிரிவில் செய்தேன். மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) காணாது, கொழும்பு விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. தாவர விஞ்ஞானம் எடுக்கத்தான் விருப்பம். பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லா இலையொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து, பச்சையவுருமணிகள் (இலைக்குப் பச்சை நிறம் தரும் மணிகள்) கலச்சுவரோரமாக மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த நாளிலிருந்தே அந்த ஆசை. அம்மாவோ "பூவும் இலையும் படிச்சு என்ன செய்யப் போறாய், பேசாமல் சீமா கணக்கியல் படிப்பைச் செய்" என்கிறா. படித்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், ஆறுதல் வேண்டாம்.

இழையவளர்ப்பு_அக்கா:
தங்கச்சி, நான் படித்து முடித்து 6 வருடம். முதல் வேலை ஒரு தனியார் ஆய்வுகூடத்தில், இழையவளர்ப்பு முறையில், அதாவது செடியின் சிறு துண்டைப் போத்தலுக்குள் வளர்த்து, வாழைக்கன்று உற்பத்தி. குருத்தின் நுனியைக் கழுவி, கிருமி போக குளோரொக்ஸில் ஊறவைத்து, சுவாலையில் காட்டிய கத்தியால் சுண்டுவிரல் நகமளவுக்கு வெட்டி போத்தலிலுள்ள சத்து ஊடகத்தில் நடவேண்டும். மூன்றாம் நாள் போத்தலுக்குள் வெள்ளை நூல்போல ஒன்று தெரிந்தால் பூஞ்சணம் வந்துவிட்டது, அந்தப் போத்தலை எறியத்தான் வேண்டும். வேலை பிடித்தது, சம்பளம் பிடிக்கவில்லை, ஆறு மாதமாக நியமனக் கடிதம்கூடத் தரவில்லை. ஆனால் அங்கே பழகிய கைதான் இப்போதைய நல்ல வேலையை எடுத்துத் தந்தது. அதனால் சொல்கிறேன், பட்டத்தை மட்டும் நம்பாதே, விடுமுறையில் எங்காவது ஆய்வுகூடத்தில் போய் நில். அப்புறம் விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழில் படித்து வந்த எனக்கு முதல் வருடம் அழுகைதான் வந்தது, இரண்டாம் வருடம் சரியாகிவிட்டது.

மலைநாட்டுக்காரன்:
பூவும் இலையும்தான் இந்த நாட்டின் வரலாற்றையே மாற்றியது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். 1869இல் இலங்கைக் கோப்பிச் செடியில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற துருநோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள், விரலால் தொட்டால் ஒட்டும். இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. அந்த நோயை ஆராயவென்றே 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கே அனுப்பினார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்தபோது வயலில் விளைச்சல் எப்படி விழுந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். செடிக்கு நைதரசன் எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்களின் பேச்சை அப்போது கேட்டிருக்க வேண்டும், இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். தலவாக்கலையில் தேயிலை, அகலவத்தையில் இறப்பர், லுணுவிலவில் தெங்கு, பத்தலகொடவில் நெல் என்று ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. கன்னொறுவையில் தாவர மரபுவள நிலையம், கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுக்காப்பு (செடிகளோடு நோயும் பூச்சியும் நாட்டுக்குள் வராமல் பார்க்கும் நிலையம்). ஆனால் வெற்றிடங்கள் குறைவு, எப்போது விண்ணப்பம் கோருவார்கள் என்று காத்திருக்க வேண்டும், விவசாயப் பட்டதாரிகளோடும் போட்டி போட வேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றால் ஆராய்ச்சிப் பக்கம் போவது கடினம். நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக முதலாம் வருடத்திலிருந்தே புள்ளி வேண்டும், இதைப் பலர் மூன்றாம் வருடத்தில்தான் உணர்கிறார்கள்.

உயிரியல்_ரீச்சர்:
நானும் தாவரவியல் படித்தவள்தான், ஆசிரிய வேலைக்குப் போனேன். மலையகத்தில் தமிழ்மொழியில் உயர்தர உயிரியல் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. ஆய்வுகூடம்தான் வேலை, இது இரண்டாம் பட்சம் என்று நினைக்காதே மகள். உனக்கு ஹைட்ரில்லாவைக் காட்டியதும் ஒரு ரீச்சர்தானே.

வெள்ளவத்தைப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கோப்பிக் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலு வருசமும் ஒழுங்காய்ப் படிப்பியோ" என்று மட்டும் கேட்டா. அக்கா, முதலாம் வருட மாணவியை ஆய்வுகூடத்தில் நிற்க விடுவார்களா, யாரிடம் கேட்க வேண்டும்?

இழையவளர்ப்பு_அக்கா:
விடுவார்கள். விரிவுரையாளரிடம் நேரே போய்க் கேள், போத்தல் கழுவவும் தயார் என்று சொல். நான் அப்படித்தான் தொடங்கினேன்.