சொன்னது உண்மைதான், ஆனாலும் ஒருவருடைய பெயர் கெட்டுவிட்டது. எப்படி ஈடுசெய்வது?

கடுகுவிதை எழுதியது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ஒரு மாதமாக என்னை விட்டு நீங்காத ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

என்னுடன் பணிபுரியும் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் வேலை செய்தபோது கணக்கில் பணம் குறைந்த காரணத்தால் அங்கிருந்து விலக நேர்ந்தது. அப்போது அவருடன் இருந்த என் நண்பர் இதை என்னை நம்பிச் சொல்லியிருந்தார். அண்மையில் எங்கள் பிரிவின் பொறுப்பாளர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டபோது, மதிய இடைவேளையில் உடன் அமர்ந்திருந்த மூவரிடம் நான் அதைச் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் குரலைத் தாழ்த்தி, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. என் பேச்சுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில், இதைச் சொன்னேன். குருவானவர் மன்னிப்பு வழங்கி, சொல்ல வேண்டிய செபங்களையும் கொடுத்து, “அவருடைய நற்பெயரை உங்களால் இயன்ற அளவு திருப்பிக் கொடுங்கள்” என்றார். பின்னால் பலர் காத்திருந்ததால் விளக்கம் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். செபங்களை அன்றே சொல்லி முடித்தேன். மற்றதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. நான் சொன்னது பொய் என்றால் அதுவே பொய்யாகிவிடும். மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால் மறந்தவர்களுக்கும் நினைவுபடுத்தியதாகும். சம்பந்தப்பட்டவரிடமே போய் மன்னிப்புக் கேட்பதா? பரப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

---

பழைய உபதேசியார் எழுதியது:

அன்புச் சகோதரரே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பத்துக் கட்டளைகளில் எட்டாவது, பொய்ச்சான்றை மட்டும்தான் தடுக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்ற போதனைத் தொகுப்பு நூல், 2477-ஆம் எண்ணில் மூன்று குற்றங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று மனத்துக்குள் தீர்ப்பிடுவது ஒன்று. தக்க காரணமின்றி ஒருவருடைய உண்மையான குறையை அது தெரியாதவர்களிடம் வெளிப்படுத்துவது மற்றொன்று. பொய் சொல்லி ஒருவருடைய பெயரைக் கெடுப்பது மூன்றாவது. நீங்கள் செய்தது இரண்டாவது. அது உண்மை என்பது குற்றத்தின் வகையை மாற்றுகிறதே தவிர, குற்றம் இல்லை என்று ஆக்கிவிடாது.

அதே நூலின் 2487-ஆம் எண், நீதிக்கும் உண்மைக்கும் எதிரான எந்தக் குற்றமும், மன்னிக்கப்பட்ட பிறகும், ஈடுசெய்யும் கடமையை விட்டுச்செல்கிறது என்று கற்பிக்கிறது. எனவே குருவானவர் புதிதாக ஒரு சுமையை உங்கள்மீது ஏற்றவில்லை. ஏற்கெனவே இருந்த கடனைத்தான் நினைவூட்டியிருக்கிறார்.

உங்களுடைய முடிச்சை 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் அவிழ்த்து வைத்திருக்கிறார். பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தவர், தாம் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொல்லி, ஆனால் அநீதியாகப் பெயரைக் கெடுத்தவரோ, பொய்யில் இறங்காமல், தாம் தவறாகப் பேசிவிட்டதாகவும் அநீதியாக அவருடைய பெயரைக் கெடுத்துவிட்டதாகவும் சொல்ல வேண்டும் என்கிறார். “அன்று அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொன்னது தவறு” என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அந்த மூவரிடமும், தனித்தனியாக, அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். பழைய செய்தியின் விவரத்துக்குள் மறுபடியும் போக வேண்டாம்.

ஒன்று கேட்க விரும்புகிறேன். குறைந்த அந்தப் பணம் பிறகு என்ன ஆயிற்று?

---

கடுகுவிதை எழுதியது:

ஐயா, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் அந்தப் பணத்தை முழுவதுமாகத் திருப்பிச் செலுத்திவிட்டார். என் நண்பர் அதையும் சொல்லியிருந்தார். அந்த மூவரிடம் பேசியபோது அந்தப் பகுதியை நான் விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல.

---

மெழுகுதிரி எழுதியது:

சகோதரரே, நான் மறுபக்கத்தில் நின்றவள் என்பதால் எழுதுகிறேன். என்னைப் பற்றிய ஓர் உண்மை, நான் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த ஓர் உண்மை, ஒருவர் வாயிலிருந்து ஊர் வாய்க்குப் போனது. எல்லாம் ஓய்ந்து, நான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய சமயத்தில், அதைச் சொன்னவரே வந்து, அழுது, மன்னிப்புக் கேட்டார். அவர் முகம் தெளிந்து திரும்பிப் போனார். நான் அதன் பிறகுதான், யார் யாருக்குத் தெரியும், எவ்வளவு தெரியும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவரை மன்னித்துவிட்டேன், ஆனால் அந்த மன்னிப்பு எனக்கு இரண்டு ஆண்டு உழைப்பாக இருந்தது.

பலிபீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு ஆண்டவர் மத்தேயு 5:23-24-இல் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அங்கே அந்தச் சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருக்கிறது. உங்களுடன் பணிபுரிபவரோ எதையும் அறியாதவர். அவரிடம் போய்ச் சொல்வது அவருடைய காயத்தை ஆற்றுவதற்கா, அல்லது உங்களுடைய பாரத்தை அவர்மேல் இறக்கி வைப்பதற்கா என்று, நற்கருணைநாதர்முன் அமர்ந்து நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். அவராகவே ஒருநாள் உங்களைக் கேட்டால் மறைக்காதீர்கள். அதுவரை அந்த மூவரிடம் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். என்னைப் புண்படுத்தியவர் என்னிடம் வருவதற்கு முன்பு அவர் யாரிடம் சொன்னாரோ அவர்களிடம் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

---

பழைய உபதேசியார் எழுதியது:

சகோதரி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நானாக இருந்தால் நேரே அவரிடம் போகச் சொல்லியிருப்பேன், அது அவசரமாக இருந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிச் செலுத்தினார் என்ற செய்தி நிலைமையை மாற்றுகிறது. விவரத்துக்குள் போக வேண்டாம் என்று நான் எழுதியதை இந்த ஒன்றில் மட்டும் திருத்திக்கொள்கிறேன். அவர் தவறியதைச் சொல்லி, அவர் திருந்தியதை விட்டுவிட்டால், கேட்டவர்கள் மனத்தில் எழுந்தது ஓர் உண்மையற்ற உருவம். ஏற்கெனவே முதல் பாதியைக் கேட்ட அந்த மூவருக்கு மட்டும் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். நான்காவது ஒருவரிடம் எதையும் தொடங்காதீர்கள். சலேசு நகர் புனித பிரான்சிஸ், ஒரே ஒரு செயலை வைத்து ஒருவருக்குப் பட்டம் சூட்டக்கூடாது என்று வற்புறுத்தினார். நோவா ஒருமுறை குடித்து மயங்கினார் என்பதற்காக அவர் குடிகாரர் அல்லர். பேதுரு ஒருமுறை வாளால் இரத்தம் சிந்தினார் என்பதற்காக அவர் கொலைவெறியர் அல்லர் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

---

நள்ளிரவு செபம் எழுதியது:

இந்தத் திரியை வாசிக்கும் மற்றவர்களை நினைத்து ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். பிறர் குறையை வெளியிடக்கூடாது என்ற இந்தப் போதனையைக் காட்டியே, பேசியே தீர வேண்டியவர்களின் வாயை அடைத்த கொடுமைகள் நம் திருச்சபைக்குள்ளேயே நடந்திருக்கின்றன. மறைக்கல்வி “தக்க காரணமின்றி” என்று சொல்வதைக் கவனியுங்கள். ஒரு குழந்தைக்கோ, வலுவற்ற ஒருவருக்கோ தீங்கு நேர்கிறது என்றால், அதைத் தடுக்கக்கூடியவரிடம் சொல்வது புறங்கூறல் அன்று. சொல்லாமல் இருப்பதே பாவம். பாலியல் முறைகேடுகளை உரிய திருச்சபை அதிகாரியிடம் தெரிவிக்கும் கடமையைக் குருக்களுக்கும் துறவியருக்கும் 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாகவே ஆக்கினார். திருப்பலியின் தொடக்கத்தில், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் மட்டுமன்றி, கடமையில் தவறியதாலும் பாவம் செய்தேன் என்று நாம் அறிக்கையிடுவதில் இந்த மௌனமும் அடங்கும்.

பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் உங்களிடம் முறையாகக் கேட்டிருந்தால்கூட, நிலைமை வேறு. அப்போதும் நண்பர் நம்பிச் சொன்னதை எவ்வளவு தூரம் வெளியிடலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் அங்கே ஒரு காரணமாவது இருந்திருக்கும். மதிய இடைவேளையில் அமர்ந்திருந்த மூவருக்கு அதை அறியும் தேவை இல்லை. கேள்விப்பட்டதை உன்னோடு சாகவிடு, அது உன்னை வெடிக்கச் செய்துவிடாது என்று விவிலிய நூலான சீராக்கின் ஞானம் 19:10 சொல்வது இத்தகைய வேளைக்காகத்தான்.

கேட்டுக்கொண்டிருந்த மூவரையும் மறந்துவிட வேண்டாம். அவர்களும் இதில் பங்காளிகள். இல்லாதவர்களைப் பற்றிக் கடித்துப் பேச விரும்புகிறவர் இந்த மேசைக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் ஒரு செய்யுளைப் புனித அகுஸ்தினார் தம் உணவு மேசையில் எழுதி வைத்திருந்தார் என்றும், அதை மீறிப் பேசிய ஆயர்களிடமே, நிறுத்துங்கள், இல்லையேல் நான் எழுந்து போய்விடுவேன் என்று கண்டித்தார் என்றும், அவருடன் வாழ்ந்து அவருடைய வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் பதிவு செய்திருக்கிறார். எழுந்து போகும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

---

கடுகுவிதை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

மூவரில் ஒருவரிடம் முதலில் போனேன். “அன்று நான் ஒன்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதையும் மறைத்துவிட்டேன்” என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே மேசையில் வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் இதை இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேனே” என்றார். அவர்களிடம் தாமே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். இரண்டாமவர் சிரித்து, இதையெல்லாம் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதா என்று கேட்டார். ஆனால் பணம் திரும்பி வந்ததைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மூன்றாமவர் விடுப்பில் இருக்கிறார், திங்கள்கிழமை வருகிறார்.

சம்பந்தப்பட்டவரிடம் எதுவும் சொல்லவில்லை. நேற்று எங்கள் மேலாளர் அடுத்த பணிக்கு யாரைச் சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்டபோது, இத்தனை ஆண்டுகளில் அவருடைய கணக்கில் ஒரு பிழைகூட நான் கண்டதில்லை என்று சொன்னேன். அது உண்மை. நான் பார்த்து அறிந்த உண்மை.