புதுப்பிப்பு: இரையைக் கக்கிய கார்ன் பாம்புக் குட்டி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது

என் 20 கிராம் கார்ன் பாம்புக் குட்டி (வீட்டில் வளர்க்கும் விஷமற்ற பாம்பு), விழுங்கிய எலியை இரண்டாம் நாள் கக்கிவிட்டது என்று பதறிப்போய் எழுதியிருந்தேன். எலி பெரிதா, வேறு நோயா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எலிதான் பெரிது. நான் கொடுத்தது ஃபஸ்ஸி, அதாவது மெல்லிய முடி முளைத்த எலிக்குஞ்சு. உறைந்த எலிகள் இருந்த அதே பையில் மிச்சமிருந்த ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தால் 5 கிராம்! குட்டியின் எடையில் கால் பங்கு. கண்ணளவை நம்பியது என் தவறு.

கக்கியதும் உடனே மறுபடி கொடுக்கவில்லை. வயிறு தேற வேண்டும் என்பதால் 12 நாள் தண்ணீர் மட்டும். கையிலும் எடுக்கவில்லை. காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பிங்கி, அதாவது முடியே முளைக்காத சிறிய எலிக்குஞ்சு ஒன்று, ஒன்றரை கிராம்தான். குளிர்பதனப் பெட்டியில் உறைவு நீக்கி, வெந்நீரில் சூடாக்கிக் கொடுத்தேன். இரை உள்ளே தங்கியது. இப்போது வாரம் ஒரு பிங்கி, இதுவரை நான்கு. கழிவும் சரியாக இருக்கிறது. எடை 24 கிராம்.

இனி இரையின் எடை குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். அகலம் பாம்பின் உடலில் பருத்த இடத்தின் அளவு, மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. தலையைப் பார்த்து அளவு முடிவுசெய்யாதீர்கள், தாடை நன்றாக விரியும். சாப்பிட்டபின் வயிற்றில் லேசான புடைப்பு தெரிந்தால் போதும்.