கிளியரன்ஸுக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் தச்சு வகுப்பு நடத்துகிறோம். தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வந்துவிட்ட இளைஞர்கள், வேலை ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பெரியவர்கள் வருகிறார்கள். போர்ச்சிலோ புழக்கடையிலோ சின்னப் பட்டறை போட ஆசைப்படுகிறவர்கள், மிஷினுக்குக் காசு கொடுக்கும் முன் ஸ்கெட்ச்அப் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்து பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் கட்சி. கையேடு வியாழன் அச்சுக்குப் போகிறது. மற்ற சொற்களை ஒப்பேற்றிவிட்டோம். கிளியரன்ஸ் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இடைவெளி என்று எழுதினேன், வகுப்பில் குழம்பிவிட்டார்கள். இடைவெளி என்றால் இரண்டு பொருளுக்கு நடுவில் உள்ளது. நான் கேட்பது ஒரே பொருளுக்கு உரிய காலியிடம். மேசை ரம்பம் உட்காரும் இடம் கொஞ்சம்தான். ஆனால் எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க, அலகுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி சும்மா கிடக்க வேண்டும். இருபதடி அகல தெரஸ் வீட்டில் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) இதைக் கணக்குப் பார்க்காமல் ரம்பத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிறகு பலகை சுவரில் இடிக்கிறது என்று வந்து நிற்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு மிஷினைச் சுற்றியும் வெளிர்சிவப்பில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பெட்டி வரைந்து, மிஷினையும் பெட்டியையும் சேர்த்து ஒரே காம்போனன்ட், அதாவது ஒரே உருப்படி, ஆக்கச் சொல்கிறோம். மிஷினை இழுத்தால் பெட்டியும் கூடவே வரும். எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்தப் பெட்டிக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

கிள்ளானிலிருந்து:

புழங்கிடம். "இந்த அடுப்படியில ரெண்டு பேர் புழங்க இடமில்ல" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்களே, அதேதான். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கோவையிலிருந்து:

அருமையான சொல், அக்கா. பேச்சுவழக்கு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புழை என்றால் துளை, சிறுவழி. கோட்டை மதிலின் சிறுவாயிலுக்கும் புழை என்று பெயர். நண்பர் முதல் மடலில் எழுதிய புழக்கடையே புழைக்கடைதான், அவர் கவனித்தாரோ இல்லையோ. மலையாளத்தில் புழை ஆறு, ஆலப்புழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக, நுழைந்து போய்வரும் வழி புழை, போய்வருவது புழங்கல் என்பது என் துணிபு. ழ, ள மாற்றம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

தைப்பிங்கிலிருந்து:

புழையிலிருந்து புழங்கு எப்படிப் பிறந்தது என்பதற்கு ஐயா இலக்கணம் எதுவும் காட்டவில்லை, ஒலி ஒத்துப்போவதை மட்டுமே காட்டினார். நமக்கு ஏற்கெனவே முன்றில் இருக்கிறது. இல்லின் முன் இருப்பது முன்றில், சொற்கள் முன்பின் மாறி நிற்கும் இலக்கணப்போலி. முன் என்பதோடு இல் சேர்ந்தால் றகரம் தோன்றும் என்று தொல்காப்பியம் தனியாக விதி சொல்லும் அளவுக்குப் பழைய சொல். வீட்டுக்கு உரிய, ஆனால் வீடு இல்லாத வெளி. நண்பர் கேட்பதும் அதுதானே? பொறிமுன்றில் என்று போடலாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

ஐயா, ரசிக்கும்படி இருக்கிறது. ஆனால் முன்னால் எட்டடி மட்டும் விட்டால் அறுந்த பலகை பின்னால் எங்கே போகும்? பொறிப்பின்றில் என்று இன்னொன்று வேண்டிவரும்.

சிங்கப்பூரிலிருந்து:

ஸ்கெட்ச்அப், பிளைவுட், போர்ச், தெரஸ் எல்லாம் அப்படியே இருக்கும்போது கிளியரன்ஸ் மட்டும் என்ன பாவம் செய்தது? மலாய்க்காரர்கள் லெகா என்று ஒரே சொல்லில் தாராளமான இடத்தையும் மனநிம்மதியையும் சொல்லிவிடுகிறார்கள். நாம் மதில்புழைக்குள் நுழைந்து வெளியே வர முடியாமல் இருக்கிறோம் லா.

கையேட்டில் லேயர் என்று இருக்கிறதா, டேக் என்று இருக்கிறதா? படத்தின் பகுதிகளைக் காட்டவும் மறைக்கவும் ஸ்கெட்ச்அப்பில் இருந்த லேயரை 2020 பதிப்பில் டேக் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அடுக்கு என்று மொழிபெயர்த்திருந்தால் அதுவும் போச்சு.

கிள்ளானிலிருந்து:

கிளியரன்ஸ் என்றால் எங்கள் பக்கம் கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிடும் மலிவு விற்பனை, தம்பி. அதையே வைத்தால் வகுப்பில் பாதிப் பேர் பை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

கோவையிலிருந்து:

விலக்கெல்லை என்பது எப்படி? தூய தமிழ், பொருளும் கறார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அந்தக் கறார்தான் இடிக்கிறது. ஒரே ஆள் வேலை செய்யும் பட்டறையில் ரம்பமும் இழைப்பு மிஷினும் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் இரண்டு பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், ஏறவும் வேண்டும், சின்ன வீட்டில் அதை விட்டால் வழியில்லை. ரம்பத்தின் பின்பக்கம் வேலைமேசையே நிற்கலாம், ரம்பத்தின் மேல்தட்டைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தால் போதும், அறுந்த பலகை அதன்மேல் வழுக்கிப் போய்விடும். விலக்கெல்லை என்று எழுதினால் யாராவது அந்த மேசையை வெளியே தூக்கிப் போடுவார்கள். பொதுப் புழங்கிடம் என்றால் உடனே புரிகிறது.

தைப்பிங்கிலிருந்து:

ஒரு நூல் என்றாரே, அங்குலத்தில் எட்டில் ஒன்று, இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் தச்சன் நூலைப்போல மனத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரத்திலேயே இருக்கிறது. பட்டறைக் கையேட்டுக்கு முகப்பாக அந்தப் பாட்டைப் போடலாம்.

கோவையிலிருந்து:

ழ, ள மாற்றம் பற்றிய மடல் நீண்டுவிட்டது. தனி இழையாக அனுப்புகிறேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. புழங்கிடம் என்று போடுகிறேன், பொதுப் புழங்கிடமும் உண்டு. முதல்முறை வரும்போது பக்கத்தில் கிளியரன்ஸையும் போட்டுவிடுகிறேன், சிங்கப்பூர் தம்பிக்காக. நன்னூல் பாட்டு முகப்பில் வரும். டேக் டேக்காகவே இருக்கட்டும், யாருக்கும் தெம்பில்லை.

தைப்பிங்கிலிருந்து:

போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மோட்டார் என்ஜினில் வால்வுக்கு விடுகிற மயிரிழை இடத்துக்கும் கிளியரன்ஸ் என்றுதான் பெயர். அங்கே யார் போய்ப் புழங்குவது? முன்றிலும் அங்கே பொருந்தாது என்று எழுதிவிடாதீர்கள், அது எனக்கே தெரியும்.